சேவை எங்கே இருக்கிறது, கோரிக்கை அங்கே எப்படிப் போகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல கணினிகளில் பிரிந்து ஓடும் மென்பொருளை எழுதுபவர்களும் பராமரிப்பவர்களும் சேவை கண்டறிதல் பற்றியும் ரவுட்டிங் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. ஐபி முகவரி, போர்ட், டிஎன்எஸ் ஆகியவற்றை ஓரளவு அறிந்தவர்களை மனதில் வைத்து இவை எழுதப்பட்டுள்ளன.

சேவை கண்டறிதல் என்பது என்ன? அது ரவுட்டிங்கிலிருந்து எங்கே வேறுபடுகிறது?

ஒரு நிரலுக்கு இன்னொரு சேவையின் பெயர் தெரியும். ஆனால் அந்தச் சேவை இந்தக் கணத்தில் எந்த ஐபி முகவரியில், எந்தப் போர்ட்டில் ஓடுகிறது என்பது தெரியாது. பெயரைக் கொடுத்து இந்த விவரத்தைப் பெறுவது சேவை கண்டறிதல். பல பிரதிகள் இருந்தால் எந்தப் பிரதியிடம் போவது, அதை எந்தப் பாதையில் சென்றடைவது என்ற முடிவுகள் ரவுட்டிங்கைச் சேர்ந்தவை. நடைமுறையில் இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பது கடினம். பின்னால் வரும் கடெம்லியா போன்ற அமைப்புகளில் தேடலே பாதையாகவும் ஆகிவிடுகிறது.

எந்த முறையை எடுத்துக்கொண்டாலும், கோரிக்கை அனுப்புபவரின் கையில் இருக்கும் முகவரிப் பட்டியல் சற்று முன்பு உண்மையாக இருந்த ஒன்றின் நகல்தான். அதைப் படித்து முடிப்பதற்குள் ஒரு சர்வர் விழுந்திருக்கலாம், புதியது ஒன்று எழுந்திருக்கலாம். ஆகவே எவ்வளவு பழைய தகவலோடு நம்மால் காலம் தள்ள முடியும், தவறான முகவரிக்குப் போய்விட்டால் என்ன இழப்பு என்ற இரண்டையும் முதலில் தீர்மானிக்க வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு வரும் வேலை. இந்தப் பக்கத்தின் எல்லா விடைகளும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளன.

முகவரிகளை ஒரு கோப்பில் எழுதி எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பினால் போதாதா?

பத்துப் பதினைந்து சர்வர்கள், மாதத்துக்கு ஒரு மாற்றம் என்ற நிலையில் தாராளமாகப் போதும். அந்த நிலையில் வேறெதையும் கொண்டுவருவது வீண் சுமை. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் பல ஆண்டுகள் இப்படித்தான் ஓடியது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபீன்லர் தலைமையிலான தகவல் மையம் 'ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி' என்ற ஒரே கோப்பைப் பராமரித்தது. புதிய கணினி வைத்தவர்கள் அந்த மையத்துக்குத் தெரிவித்தார்கள். மற்றவர்கள் அவ்வப்போது கோப்பைத் தரவிறக்கிக்கொண்டார்கள்.

கணினிகள் பெருகியபோது கோப்பும் பெருத்தது, அதை இறக்குபவர்களின் எண்ணிக்கையும் பெருகியது. ஒருவர் புதிய நகலைப் பெறுவதற்குள் மையத்தில் அது மாறியிருந்தது. இதற்குத் தீர்வாக 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் வடிவமைப்பை முன்வைத்தார். 1987-இல் வெளியான ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) 1034, 1035 ஆகிய இரண்டும் அதன் இன்றைய அடித்தளம். பெயர்வெளியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியின் பொறுப்பை அந்தந்த நிர்வாகியிடமே விட்டதும், ஒவ்வொரு பதிலுக்கும் 'இத்தனை விநாடி வரை இதை வைத்துக்கொள்ளலாம்' என்ற டிடிஎல் மதிப்பைச் சேர்த்ததும் அதன் இரு பெரிய பங்களிப்புகள். தகவல் எவ்வளவு பழசாகலாம் என்பதை அந்தத் தகவலுக்கு உரியவரே அறிவிக்கும் வழி அப்போதுதான் பிறந்தது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் டிஎன்எஸ் போதுமே?

பல இடங்களில் போதும். அதன் எல்லைகளைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் இன்றும் அதுவே எளிய வழி.

முதல் எல்லை, டிடிஎல் ஒரு வேண்டுகோள் மட்டுமே என்பது. 30 விநாடி என்று நீங்கள் எழுதியிருந்தாலும், இடையில் உள்ள ரிசால்வர் (உங்களுக்காகப் பெயரைத் தேடித் தரும் டிஎன்எஸ் சர்வர்), இயங்குதளம், மொழியின் நூலகம், உங்கள் நிரலின் இணைப்புத் தொகுப்பு ஆகிய ஒவ்வொன்றும் பதிலைத் தன் போக்கில் பிடித்து வைத்திருக்கலாம். ஜாவாவில் செக்யூரிட்டி மேனேஜர் என்ற பாதுகாப்பு உறுப்பு இயங்கும்போது, வெற்றிகரமான டிஎன்எஸ் பதிலை நிரல் நிற்கும் வரை விடாமல் வைத்திருப்பதே இயல்பான அமைப்பாக இருந்தது. முகவரியை மாற்றிய பிறகும் பழைய சர்வருக்கே கோரிக்கைகள் வந்துகொண்டிருப்பதன் காரணம் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஏதோ ஓர் அடுக்கில்தான் இருக்கும்.

இரண்டாவது, சாதாரண முகவரிப் பதிவில் போர்ட் எண் கிடையாது. அதற்கென்றே 2000-இல் வரையறுக்கப்பட்ட எஸ்ஆர்வி பதிவில் போர்ட், முன்னுரிமை, எடை ஆகியவை உண்டு. ஆனால் வலை உலாவிகள் அதைப் பயன்படுத்துவதில்லை. பல நிரல் நூலகங்களும் கண்டுகொள்வதில்லை. மூன்றாவது, ஒரு முகவரியில் உள்ள சர்வர் உயிருடன் இருக்கிறதா என்பது டிஎன்எஸ்ஸுக்குத் தானாகத் தெரியாது. வேறு யாரேனும் கவனித்துப் பதிவை நீக்கினால்தான் உண்டு.

பதிவேடுகள் எப்படி வேலை செய்கின்றன? ஜூகீப்பர், எட்சிடி, கன்சல், யுரேகா எல்லாம் ஒன்றுதானா?

இவை நான்கும் சேவைகளின் முகவரிகளைக் குறித்து வைக்கும் பதிவேடாகப் பயன்படும் மென்பொருள்கள். அடிப்படை ஒன்றே. ஒரு சேவை எழும்போது 'நான் இந்த முகவரியில் இருக்கிறேன்' என்று பதிவேட்டில் எழுதுகிறது. குறித்த இடைவெளியில் அந்தப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. புதுப்பித்தல் நின்றால் பதிவு காலாவதியாகிறது. எட்சிடியில் இதைக் குத்தகை என்ற அமைப்பும், ஜூகீப்பரில் இணைப்பு அமர்வோடு சேர்ந்து மறையும் தற்காலிகக் கணுவும் செய்கின்றன.

வேறுபாடு, பதிவேட்டின் பிரதிகளுக்கு இடையே தொடர்பு அறுந்தால் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. எட்சிடியும் கன்சலும் ராஃப்ட் என்ற முறைப்படி, பிரதிகளில் பெரும்பான்மையின் உடன்பாட்டோடுதான் எழுதுகின்றன. மூன்று பிரதிகளில் ஒன்றோ ஐந்தில் இரண்டோ விழுந்தால் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் தவறான பதிலைத் தருவதைவிட எழுத்தை மறுத்துவிடும். நெட்ஃபிளிக்ஸ் 2012-இல் வெளியிட்ட யுரேகா இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. அதில் ஒவ்வொரு சேவையும் 30 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. 90 விநாடி புதுப்பித்தல் வராவிட்டால் பதிவு நீக்கப்படும். ஆனால் எதிர்பார்த்த புதுப்பித்தல்களின் விகிதம் 85 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், 'இத்தனை சேவைகள் ஒரே நேரத்தில் செத்திருக்க வாய்ப்பில்லை, என் வலையமைப்பில்தான் கோளாறு இருக்க வேண்டும்' என்ற ஊகத்தில் யாரையும் நீக்காமல் நிறுத்திக்கொள்ளும்.

முகவரி தேடும் வேலைக்கு யுரேகாவின் அணுகுமுறையே பொருத்தம் என்பது என் கருத்து. பழைய முகவரிகளில் சில தவறாக இருந்தால் கோரிக்கை தோற்கும், நிரல் இன்னொரு முகவரிக்கு மறுமுயற்சி செய்யும். பதில் எதுவுமே வராவிட்டால் மறுமுயற்சிக்குக்கூட வழியில்லை. ஒரே ஒரு தலைவரைத் தேர்வது, பூட்டு வைப்பது போன்ற வேலைகளுக்கு நிலைமை நேர்மாறானது; அங்கே பழைய பதில் தரவையே கெடுத்துவிடும், எனவே ராஃப்ட் போன்ற கண்டிப்பு வேண்டும். இவ்விரண்டு தேவைகளையும் ஒரே கருவியில் போட்டுக் குழப்பிக்கொள்வது பரவலாகக் காணப்படும் பிழை.

எந்தப் பிரதிக்குப் போவது என்பதை யார் தீர்மானிக்க வேண்டும்: கேட்கும் நிரலா, நடுவில் நிற்கும் லோடு பேலன்சரா?

கோரிக்கைகளைப் பிரதிகளுக்குப் பங்கிடும் லோடு பேலன்சர் நடுவில் இருந்தால் கேட்கும் நிரல் எளிமையாக இருக்கும். பதிலுக்கு ஒரு கூடுதல் தாவலும், பராமரிக்க வேண்டிய இன்னோர் உறுப்பும் சேரும். நிரலே தேர்ந்தெடுத்தால் தாவல் குறையும், ஆனால் ஜாவா, கோ, பைத்தான் என்று ஒவ்வொரு மொழியிலும் அதே அறிவைத் தனித்தனியாக எழுத வேண்டிவரும். லிஃப்ட் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட என்வாய் போன்ற துணை ப்ராக்ஸிகள் (நிரலின் சார்பில் கோரிக்கையை வாங்கி அனுப்பும் இடைநிலை நிரல்கள்) நடுவழி. ஒவ்வொரு நிரலின் பக்கத்திலும் ஒரு ப்ராக்ஸி ஓடும். நிரல் அதனிடம் மட்டும் பேசும்.

தேர்வு யார் கையில் இருந்தாலும், ஒரு செய்தி தெரிந்திருப்பது நல்லது. எல்லாச் சர்வர்களின் சுமையையும் அறிந்து மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது என்று தோன்றும். ஆனால் சுமைத் தகவலும் பழையதுதான்; பல நிரல்கள் ஒரே பழைய தகவலைப் பார்த்து ஒரே 'காலியான' சர்வர் மேல் ஒன்றாகப் போய் விழும். குருட்டாம்போக்கில் இரண்டு சர்வர்களை எடுத்து, அவற்றுள் சுமை குறைந்ததைத் தேர்ந்தெடுத்தாலே போதும். மைக்கேல் மிட்ஸன்மாகர் 1996-இல் தம் முனைவர் ஆய்வேட்டில் விரிவாக அலசிய இந்த முறை, ஒன்றை மட்டும் குருட்டாம்போக்கில் எடுப்பதைக் காட்டிலும் உச்சச் சுமையை வியக்கத்தக்க அளவு குறைக்கிறது. மூன்றாவது, நான்காவது தேர்வுகளால் கிடைக்கும் கூடுதல் பயன் சொற்பம்.

குபெர்னெட்டிஸில் சேவைக்குக் கிடைக்கும் ஐபி முகவரி எந்தக் கணினியுடையது?

எந்தக் கணினியுடையதும் அன்று. அது ஒரு கற்பனை முகவரி. (குபெர்னெட்டிஸ் என்பது பல கணினிகளை ஒரு தொகுதியாக, அதாவது கிளஸ்டராக, வைத்து நிரல்களை ஓட்டும் மென்பொருள். சேவையின் ஒவ்வொரு பிரதியும் அதில் 'பாட்' என்ற அலகுக்குள் ஓடும்.) ஒவ்வொரு கணினியிலும் ஓடும் கியூப்-ப்ராக்ஸி, லினக்ஸ் கெர்னலில் விதிகளை எழுதி வைக்கிறது. அந்தக் கற்பனை முகவரிக்குப் புறப்படும் பாக்கெட், கணினியை விட்டு வெளியேறும் முன்பே உண்மையான ஒரு பாட் முகவரிக்குத் திருப்பப்படுகிறது. லினக்ஸின் பாக்கெட் விதிகளான ஐபிடேபிள்ஸ் முறையில் மூன்று பாட்கள் இருந்தால் முதல் விதிக்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பும், அதைத் தாண்டியவற்றில் இரண்டாவது விதிக்குச் சரிபாதி வாய்ப்பும், மிச்சம் முழுவதும் மூன்றாவதுக்கும் என்று எழுதப்படும். முடிவில் மூன்றுக்கும் சம பங்கு.

இந்தத் தேர்வு ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டுமே நடக்கிறது. அதன் பிறகு அந்த இணைப்பு முழுவதும் அதே பாட்டுக்குத்தான் போகும். ஜிஆர்பிசி போன்ற தொலை அழைப்பு முறைகள் ஒரே இணைப்பை மணிக்கணக்கில் திறந்து வைத்து ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை அதிலேயே அனுப்புகின்றன. அதனால்தான் புதிதாகச் சேர்த்த பாட்கள் சும்மா இருக்க, பழைய ஒன்று மட்டும் மூச்சுத் திணறுகிறது. கற்பனை முகவரி இல்லாத 'ஹெட்லெஸ்' சேவையை அமைத்து, எல்லாப் பாட் முகவரிகளையும் நிரலிடமே கொடுத்துப் பங்கிடச் செய்வதோ, கோரிக்கை அளவில் பங்கிடும் ப்ராக்ஸியை வைப்பதோ இதற்குத் தீர்வு.

விதிகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும் ஐபிடேபிள்ஸ், சேவைகள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது மெதுவாகும். ஹாஷ் அட்டவணை கொண்டு தேடும் ஐபிவிஎஸ் முறையும், அண்மைப் பதிப்புகளில் வந்துள்ள என்எஃப்டேபிள்ஸ் முறையும் இதற்காகவே சேர்க்கப்பட்டவை. அதேபோல், முன்பு ஒரு சேவையின் எல்லா முகவரிகளும் ஒரே பொருளில் இருந்ததால், ஒரு பாட் மாறினாலும் முழுப் பட்டியலும் எல்லாக் கணினிகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. 2021-இல் 1.21 பதிப்பில் நிலைபெற்ற எண்ட்பாயின்ட்ஸ்லைஸ், பட்டியலை இயல்பாக நூறு நூறு முகவரிகளாக வெட்டி, மாறிய துண்டை மட்டும் அனுப்புகிறது.

எங்கள் கிளஸ்டரில் டிஎன்எஸ் வினவல்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வருகின்றன. ஏன்?

ஒரு பாட்டுக்குள் போய் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைத் திறந்து பாருங்கள். 'என்டாட்ஸ்:5' என்ற வரி இருக்கும். ஒரு பெயரில் ஐந்துக்கும் குறைவான புள்ளிகள் இருந்தால், தேடல் பட்டியலில் உள்ள பின்னொட்டுகளை முதலில் ஒட்டிப் பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். 'ஏபிஐ.எக்ஸாம்பிள்.காம்' என்ற வெளிப் பெயரில் இரண்டே புள்ளிகள்தான். எனவே முதலில் அதன் பின்னால் 'டிஃபால்ட்.எஸ்விசி.கிளஸ்டர்.லோக்கல்', பிறகு 'எஸ்விசி.கிளஸ்டர்.லோக்கல்', பிறகு 'கிளஸ்டர்.லோக்கல்' என்று மூன்று முறை ஒட்டிக் கேட்டு, மூன்று முறையும் 'இல்லை' என்ற பதிலைப் பெற்ற பிறகுதான் உண்மையான பெயர் கேட்கப்படும். ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்பதால், இரண்டு வினவல்களில் முடிய வேண்டியது எட்டாகிறது.

வெளிப் பெயர்களின் முடிவில் ஒரு புள்ளி வைத்து 'ஏபிஐ.எக்ஸாம்பிள்.காம்.' என்று எழுதினால் அது முழுப் பெயர் என்று புரிந்துகொண்டு நேரே கேட்கப்படும். வெளியே மட்டும் பேசும் பாட்டுக்கு என்டாட்ஸ் மதிப்பையே குறைக்கலாம். ஒவ்வொரு கணினியிலும் ஒரு டிஎன்எஸ் கேஷ் வைப்பதும் பெரிய அளவில் உதவும்.

ஒரு சர்வர் விழுந்ததை மற்றவர்கள் எப்படி அறிகிறார்கள்?

எல்லோரும் எல்லோருக்கும் 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தால், ஆயிரம் கணினிகளுக்கு ஒரு சுற்றில் ஏறத்தாழ 10 லட்சம் செய்திகள் ஆகும். 2002-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஸ்விம் நெறிமுறை இந்தச் சுமையைக் குறைத்தது. ஒவ்வொரு கணினியும் ஒரு சுற்றில் குருட்டாம்போக்கில் ஒரே ஒரு கணினியைத்தான் விசாரிக்கும். பதில் வராவிட்டால் உடனே 'செத்துவிட்டது' என்று அறிவிக்காமல், வேறு சிலரிடம் 'நீங்கள் கேட்டுப் பாருங்கள்' என்று சொல்லும். தனக்கும் அந்தக் கணினிக்கும் இடையிலான பாதை மட்டும் கெட்டிருக்கலாம் அல்லவா? அவர்களுக்கும் பதில் இல்லையென்றால் 'சந்தேகம்' என்ற நிலை பரப்பப்படும். சந்தேகிக்கப்பட்ட கணினி அதைக் கேட்டு மறுக்க அவகாசம் கிடைக்கும். இந்தச் செய்திகளும் தனியாகப் பயணிப்பதில்லை, விசாரிப்புச் செய்திகளின் மேலேயே ஏறிப் போகின்றன. கணினிகள் எத்தனை பெருகினாலும் ஒவ்வொன்றின் மீதான சுமை ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. கன்சலுக்குள் கணினிகளின் இருப்பைக் கவனிப்பது இதிலிருந்து வளர்ந்த முறைதான்.

நலச் சோதனையில் தோற்ற சர்வரைத் தானாக நீக்குவது எப்போதும் நல்லதுதானே?

இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றுபோனதை எண்ணிப் பாருங்கள். அந்நிறுவனமே பின்னர் வெளியிட்ட விளக்கத்தின்படி, முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை ஆராயப் பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, எல்லாத் தரவு மையங்களுக்கும் இடையிலான இணைப்பைத் துண்டித்துவிட்டது. அத்தகைய கட்டளைகளைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் பிழை இருந்தது.

அதன் பிறகு நடந்ததே இங்கே முக்கியம். அந்நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள் சிறிய மையங்களில் தனியே இருந்தன. தரவு மையத்தோடு பேச முடியாவிட்டால் 'என் இணைப்பு சரியில்லை' என்று கருதி, 'இந்த முகவரிக்கு வழி இங்கே' என்று மற்ற வலையமைப்புகளுக்குச் சொல்லும் தம் பிஜிபி அறிவிப்பைத் தாமே திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி அவை அமைக்கப்பட்டிருந்தன. ஒரு மையம் மட்டும் துண்டிக்கப்படும் நாளில் இது சரியான முடிவு. போக்குவரத்து அடுத்த மையத்துக்குப் போய்விடும். அன்றோ எல்லா மையங்களும் ஒரே நேரத்தில் அதே முடிவை எடுத்தன. டிஎன்எஸ் சர்வர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் இணையத்தில் அவற்றுக்கு வழியே இல்லாமல் போயிற்று. பழுதைச் சரிசெய்யப் பொறியாளர்களுக்குத் தேவைப்பட்ட உள் கருவிகளும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்ததால், தரவு மையங்களுக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

2025 அக்டோபர் 19, 20 தேதிகளில் அமேசானின் வர்ஜீனியா பகுதியில் ஏற்பட்ட பெரும் தடங்கலும் இதே இனத்தது. டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவையின் டிஎன்எஸ் பதிவுகளைத் தானாகப் புதுப்பிக்கும் உறுப்புகளில் ஒன்று தாமதமாகி, பழைய முகவரித் திட்டம் ஒன்றைப் புதியதன் மேல் எழுதியது. அதே வேளையில் இன்னொன்று பழைய திட்டங்களைத் துப்புரவு செய்யப் புகுந்து அந்தத் திட்டத்தையே அழித்தது. சேவையின் பெயருக்கு எதிரே ஒரு முகவரிகூட இல்லாத பதிவு எஞ்சியது.

எனவே எந்தப் பதிவேட்டிலும் 'இதற்குக் கீழே நீக்காதே' என்ற ஒரு தரைமட்டம் வையுங்கள். ஆரோக்கியமான பிரதிகளின் விகிதம் ஓர் அளவுக்குக் கீழே போனால் சோதனை முடிவுகளைப் புறக்கணித்து எல்லாப் பிரதிகளுக்கும் அனுப்பும் வசதி என்வாயில் உண்டு. இயல்பான அளவு 50 விழுக்காடு. காலியான பட்டியல் வந்தால் அதை ஏற்காமல் கடைசியாகத் தெரிந்த பட்டியலையே வைத்திருக்குமாறு உங்கள் நிரலை எழுதுவது இன்னும் எளிது.

மையப் பதிவேடே இல்லாமல், முன்பின் தெரியாத லட்சக்கணக்கான கணினிகளுக்குள் ஒன்றைத் தேடிப் பிடிக்க முடியுமா?

முடியும், கணினிகள் நேரடியாகக் கோப்புகளைப் பகிரும் பிட்டொரண்ட் நாள்தோறும் அதைச் செய்துகொண்டிருக்கிறது. 1999-இல் வந்த பாடல் பகிர்வு மென்பொருளான நாப்ஸ்டர் மையப் பட்டியலை நம்பியது. அந்த மையம் மூடப்பட்டதும் அதுவும் முடிந்தது. 2000-இல் வந்த நூட்டெல்லாவில் மையம் இல்லை. ஒவ்வொரு கணினியும் கேள்வியைத் தன் அண்டைக் கணினிகள் எல்லாவற்றுக்கும் அனுப்ப, அவை தம் அண்டைக்கு அனுப்ப, கேள்விகளே வலையமைப்பை நிரப்பிவிட்டன. 2001-இல் இதற்கு விடையாகச் சில வடிவமைப்புகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன: கேன், கார்ட், பேஸ்ட்ரி, டேப்பெஸ்ட்ரி. இவற்றில் கார்டை எம்ஐடி குழுவினர் உருவாக்கினர். சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். 2002-இல் பெதார் மைமுன்கோவும் டேவிட் மசியேரும் வெளியிட்ட கடெம்லியாதான் நடைமுறையில் மிகுதியாக வேரூன்றியது.

கடெம்லியாவில் ஒவ்வொரு கணுவுக்கும் (பங்கேற்கும் கணினிக்கும்) ஓர் அடையாள எண். தேடப்படும் பொருளுக்கும் அதே நீளத்தில் ஓர் எண். பிட்டொரண்டில் இது 160 பிட். இரண்டு எண்களுக்கு இடையிலான 'தொலைவு', அவற்றை எக்ஸ்ஓஆர் செய்தால் (பிட்கள் வேறுபடும் இடத்தில் 1, ஒத்த இடத்தில் 0) வரும் மதிப்பு. புரிவதற்காக 4 பிட் எண்களை எடுத்துக்கொள்வோம். நான் 0010, தேடுவது 1101. இரண்டையும் எக்ஸ்ஓஆர் செய்தால் 1111, அதாவது தொலைவு 15. என் அட்டவணையில் 1-இல் தொடங்கும் கணு ஒன்றாவது இருக்கும். அது 1000 என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் இலக்குக்கும் தொலைவு 5. அதனிடம் கேட்டால், 11-இல் தொடங்கும் ஒருவரை, 1110-ஐக் காட்டுகிறது, தொலைவு 3. அது 110-இல் தொடங்கும் 1100-ஐக் காட்டுகிறது, தொலைவு 1. ஒவ்வோர் அடியிலும் இடப்பக்கமிருந்து குறைந்தது ஒரு பிட் பொருந்திக்கொண்டே வருகிறது. எனவே 10 லட்சம் கணுக்கள் இருந்தாலும் ஏறத்தாழ 20 அடிகளுக்குள் தேடல் முடிந்துவிடும். ஒரு கணு நினைவில் வைத்திருக்க வேண்டியது சில நூறு முகவரிகளுக்கு மேல் போகாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம், அட்டவணையில் யாரை வைத்துக்கொள்வது என்ற விதி. ஒரு வரிசையில் பிட்டொரண்டில் 8 பேருக்குத்தான் இடம். இடம் நிறைந்திருக்கும்போது புதியவர் வந்தால், பழையவர் பதில் தரும் வரை பழையவரே நீடிப்பார். நூட்டெல்லாவில் எடுக்கப்பட்ட அளவீடுகளின்படி, நெடுநேரம் இணைப்பில் இருந்த கணினி மேலும் ஒரு மணி நேரம் இருப்பதற்கான வாய்ப்பு, அப்போதுதான் வந்த கணினியைவிட அதிகம். அந்த உண்மையே இந்த விதிக்கு அடிப்படை. போலிக் கணுக்களை வெள்ளமாக அனுப்பி நல்லவர்களை அட்டவணையிலிருந்து வெளியே தள்ள நினைப்பவர்களுக்கும் இதுவே தடையாகிறது.

அடிகள் குறைவு என்றால் நேரமும் குறைவுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. அடையாள எண்ணில் அண்டையில் இருப்பவர் நிலப்பரப்பில் வேறு கண்டத்தில் இருக்கலாம். சிங்கப்பூரில் தொடங்கிய தேடல் சாவோ பாவ்லோ, ஹெல்சின்கி என்று சுற்றிவிட்டுப் பக்கத்துத் தெருவில் முடியலாம். மேலும், எடுத்துக்கொண்ட கணு செத்திருந்தால் அதற்கான காத்திருப்பு நேரமே பெரும் பகுதியைத் தின்றுவிடும். கடெம்லியா இதற்காக மூன்று பேரிடம் ஒரே நேரத்தில் கேட்கச் சொல்கிறது. செத்தவருக்காக மற்ற இருவரின் பதில் காத்திருப்பதில்லை. பேஸ்ட்ரி, பொருந்தும் முன்னொட்டு உள்ளவர்களில் வலையமைப்பில் நமக்கு அருகில் இருப்பவரையே அட்டவணையில் வைக்கச் சொல்கிறது.

முற்றிலும் வேறான வழி எனிகாஸ்ட். ஒரே ஐபி முகவரியைப் பல ஊர்களிலிருந்து பிஜிபியில் அறிவித்தால், பாக்கெட் பிஜிபியின் கணக்கில் நெருங்கிய இடத்துக்கு இணையத்தின் வழக்கமான ரவுட்டிங்காலேயே போய்ச் சேரும். டிஎன்எஸ் வேர் சர்வர்களின் பெயர்கள் 13 மட்டுமே இருந்தும், அவற்றின் பிரதிகள் ஆயிரத்துக்கும் மேலாக உலகெங்கும் பரவியிருப்பது இதனால்தான்.

வீட்டிலும் அலுவலகத்திலும் பிரிண்டர் எந்தச் சர்வரும் இல்லாமல் தானாகத் தெரிகிறதே, எப்படி?

எம்டிஎன்எஸ் வழியாக. ஆப்பிள் 2002-இல் கொண்டுவந்து பின்னர் பான்ஜோர் என்று பெயரிட்ட முறை இது. 2013-இல் ஆர்எஃப்சி 6762 ஆனது. கேள்வி 224.0.0.251 என்ற பலமுக முகவரிக்கு (அந்த வலையமைப்பில் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் போகும் முகவரி), 5353 போர்ட்டில் போகும். பெயருக்கு உரியவரே பதில் சொல்வார். ஏற்கெனவே தெரிந்த விடைகளைக் கேள்வியோடு சேர்த்து அனுப்புவதால் அவற்றுக்கு உரியவர்கள் திரும்பப் பதில் சொல்ல வேண்டியதில்லை. முறையாக நிறுத்தப்படும் கருவி, தன் பதிவை டிடிஎல் சுழியம் என்று அறிவித்துவிட்டுப் போகும்.

இந்தச் செய்திகள் ரவுட்டரைத் தாண்டாது. பெரிய கல்லூரி வளாகத்தில் பிரிண்டர் ஒரு விலானிலும் (பிரிக்கப்பட்ட உள் வலையமைப்பு) மடிக்கணினி இன்னொன்றிலும் இருந்தால் தெரியாது. இடையில் மறு அறிவிப்புச் செய்யும் கருவி வேண்டும்.

சேவையைப் புதிய பதிப்புக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் சில கோரிக்கைகள் தோற்கின்றன. சேவை சரியாகத்தான் நிற்கிறது. எங்கே பிழை?

வரிசையில். சரியான வரிசை இது: முதலில் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்க வேண்டும், பிறகு அந்தச் செய்தி எல்லோருக்கும் போய்ச் சேரும் வரை வழக்கம்போலக் கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டே காத்திருக்க வேண்டும், அதன் பிறகு புதியவற்றை மறுத்து, கையில் இருப்பவற்றை முடித்து, கடைசியில் நிற்க வேண்டும். பலர் நடுவில் உள்ள காத்திருப்பை விட்டுவிடுகிறார்கள்.

குபெர்னெட்டிஸில் ஒரு பாட்டை நீக்கும்போது, அதை நிறுத்தும் வேலையும் அதன் முகவரியை எண்ட்பாயின்ட் பட்டியலிலிருந்து எடுக்கும் வேலையும் ஒன்றுக்கொன்று காத்திராமல் இணையாகத் தொடங்குகின்றன. நிரல் 'நின்றுகொள்' என்னும் சிக்டெர்ம் சமிக்ஞையைப் பெற்ற உடனே போர்ட்டை மூடிவிட்டால், இன்னும் விதிகள் மாறாத கணினிகளிலிருந்து வரும் இணைப்புகள் மறுக்கப்படும். நிறுத்துவதற்கு முந்தைய ப்ரீஸ்டாப் கட்டத்தில் 10 விநாடி உறக்கம் வைத்தால் பெரும்பாலான தோல்விகள் மறையும். ஆனால் நிறுத்தத்துக்கான மொத்த அவகாசம் இயல்பாக 30 விநாடிதான். ப்ரீஸ்டாப் உறக்கமும் அதற்குள்ளேயே கணக்காகும். எனவே மிச்சமுள்ள 20 விநாடிக்குள் உங்கள் மிக நீண்ட கோரிக்கை முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அந்த அவகாசத்தை உயர்த்துங்கள். இல்லாவிட்டால் 30-ஆம் விநாடியில் கட்டாயமாக நிறுத்தும் சிக்கில் சமிக்ஞை வந்து, நடந்துகொண்டிருக்கும் வேலையைப் பாதியில் வெட்டிவிடும்.